ஹாஃபிஸாவின் முட்டைத் தட்டுகள்

பருமன் அளக்கிற மைக்ரோமீட்டரைத் திருகும்போது கடைசியில் ‘டிக் டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ரவூப் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். மற்றவர்கள் கோட்டைப் பார்த்து அளவு சொன்னால், அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டே பாதி அளவு சொல்லிவிடுவான் என்று விக்ரோலி கம்பெனிகளில் அவனோடு வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கையால் கடைகிற கை லேத்தில் நின்று, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கைக்கூட விரலில் உணர்கிற ஒருவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் மன்னித்துவிடலாம். தாராவியில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரிய தலைக்கனம் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அப்துல் ரவூப் சொந்தமாக, எண்ணைப் பதிந்தால் தானாகக் கடைகிற சிஎன்சி லேத் ஒன்று வாங்கினான். விக்ரோலியில் மூடிவிட்ட ஒரு கம்பெனியிலிருந்து வந்த பழைய மெஷின். அதை அவனுடைய பட்டறைக்குள் கொண்டுவர முன்சுவரை இடித்து, இரும்புக் குழாய்களை அடியில் உருட்டி, சந்திலிருந்த பதினாறு பேர் தள்ளினார்கள். உள்ளே போனபிறகு சுவரைத் திரும்பக் கட்டினான். அதாவது இனிமேல் மெஷின் வெளியே போகவேண்டுமென்றால் சுவரை மறுபடி இடிக்க வேண்டும். அந்தச் சுவரில் சிமெண்ட் பூசியபோது, இனி யாருடைய மெஷின் முன்னாலும் கூலிக்கு நிற்கமாட்டேன் என்று ரவூப் மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஹாஃபிஸாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

வீடு பட்டறைக்கு மேலேயே. இரும்பு ஏணியில் ஏறினால் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். கீழே மெஷின் வேகமாக ஓடினால் மேலே டம்ளர் நடுங்கும். எந்த டம்ளர் எப்படி நடுங்குகிறது என்பதை வைத்தே கீழே என்ன வேலை நடக்கிறது என்று ஹாஃபிஸா சொல்லிவிடுவாள்.

அவள் காலையில் சமையலை முடித்துவிட்டுக் கீழே வந்து, மெஷினிலிருந்து வரும் தண்டுகளைத் துடைத்து அடுக்குவாள். ஒரு வால்வுக்குள் போகிற பித்தளைத் தண்டு, சுண்டுவிரல் நீளம், ஒரு முனையில் சின்னத் தலை. அம்பர்நாத்தில் இருக்கிற ஒரு கம்பெனிக்குப் போகிறது. அட்டைப்பெட்டியில் கொட்டினால் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழுகிறது என்று அவள்தான் முட்டைத் தட்டுகளை வாங்கி வந்தாள். முட்டைக் கடையில் முப்பது குழி உள்ள அட்டைத் தட்டுகள் சும்மா கிடைக்கும். தண்டை நட்டுவைத்தால் கச்சிதமாக நிற்கும்.

அடுக்குவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மெஷினிலிருந்து வந்த வரிசையில்தான் வைப்பாள். முதல் தண்டு இடது மூலையில், கடைசித் தண்டு வலது மூலையில். ரவூப் எதையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வேறு குழியில் வைத்தால் பேசாமல் எடுத்துப் பழைய குழியில் வைப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலும் பிறகும் அவள் ஒரு சட்டைத் தைக்கும் யூனிட்டில் செக்கிங் வேலையில் இருந்தவள். அங்கே தைத்த சட்டைகளைத் தைத்த வரிசையிலேயே தொங்கவிடுவார்கள். வரிசை கலைந்துவிட்டால் எந்தக் கையிலிருந்து கோணல் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ரவூப் இதை ஒரு பெண்பிள்ளைப் பழக்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வான். சிரித்துக்கொள்ளட்டும்.

கம்பெனியின் தரப் பரிசோதனை அதிகாரி ஸ்மிதா ஒரு புதன்கிழமை பட்டறைக்கே வந்தாள். மாட்டுங்காவில் வீடு. பாலக்காட்டு வழித் தமிழ் பேசுவாள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏற்கெனவே இரண்டு தடவை போன சரக்கு திரும்பி வந்திருந்தது. தண்டின் பருமன் இருபது மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது அது. போன தண்டுகளில் நூற்றுக்கு எட்டு அதைத் தாண்டியிருந்தன. சில பருத்திருந்தன, சில மெலிந்திருந்தன.

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் கடைசிவரை குடித்துவிட்டுத்தான் அவள் பேச்சை எடுத்தாள்.

“ரவூப் பாய், உங்க கையைப் பத்தி எல்லாரும் சொல்றா. ஆனா என் டேபிளுக்கு வர்றது தண்டுதானே, கை இல்லையே. நீங்க தப்பா எடுத்துக்காதீங்கோ. அடுத்த லாட் மூவாயிரம். மூணு வாரம் கழிச்சு வர்ற வியாழக்கிழமைக்குள்ளே. இதுலேயும் ரிஜெக்ட் வந்தா, இல்லே டைம் தவறினா, இந்த வேலை அம்பர்நாத்லேயே வேற ஷாப்புக்குப் போயிடும். அதுக்கு மேலே என்னாலே பிடிச்சு வைக்க முடியாது.”

போகும்போது கம்பெனியின் அளவுக் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். கேஜ் என்பார்கள், குதிரை லாடம் மாதிரி ஒரு இரும்பு, இரண்டு வாய். முதல் வாயில் தண்டு நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பருமன் அதிகம். இரண்டாவது வாயில் நுழையவே கூடாது. நுழைந்துவிட்டால் பருமன் குறைவு. மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிய வேண்டாம், எண் தெரிய வேண்டாம். ஹாஃபிஸா அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்து அடுக்குகிற மேஜையில் வைத்தாள்.

ஸ்மிதா போனதும் அவள் கணக்குப் போட்டாள். மூவாயிரம் தண்டு என்றால் நூறு தட்டு. ரவூப் அப்போது ஒரு நாளைக்குக் கழிவு போக நாலு தட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். இருக்கிற பதினெட்டு வேலை நாளுக்கு எழுபத்திரண்டு. இருபத்தெட்டுத் தட்டு துண்டு விழுகிறது. இந்த வேலை போனால் மெஷினுக்கு வேறு வேலை கிடையாது. மெஷின் சும்மா நின்றால் சுவரை இடிக்க வேண்டியதுதான். ரவூப் திரும்ப விக்ரோலிக்கோ அம்பர்நாத்துக்கோ ரயிலேறி வேறொருவன் மெஷின் முன்னால் நிற்க வேண்டியதுதான். இவ்வளவும் அவள் மனதில் ஓடியது. வாயைத் திறந்து சொன்னது “நூறு தட்டு வேணும்” என்பது மட்டும்.

ரவூப் என்ன செய்தான்? ஒரு நல்ல கைவேலைக்காரன் என்ன செய்வானோ அதையே செய்தான். இன்னும் கவனமாக அளந்தான்.

அவன் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். மெஷின் ஒரு தண்டைக் கடைந்து முடிக்க எழுபது நொடி. கதவைத் திறந்து எடுப்பான். துடைப்பான். மைக்ரோமீட்டரை வைத்துத் திருகி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பான். இரண்டாவது தடவையும் அளப்பான். நடு அளவிலிருந்து ஐந்து மைக்ரான் கூட இருந்தால், கத்தி எந்தப் பருமனுக்குக் கடைய வேண்டும் என்று சொல்கிற எண்ணை மெஷினின் பொத்தான் பலகையில் ஐந்து குறைப்பான். நாலு குறைவாக இருந்தால் நாலு கூட்டுவான். ஒவ்வொரு தண்டுக்கும் இது நடக்கும். கை லேத்தில் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு தண்டும் ஆள் கையால் பிறக்கிறது. ஒன்றைப் பார்த்துத்தான் அடுத்ததைத் திருத்த முடியும். இந்தக் கவனத்தால்தான் அவனுக்குப் பெயர் வந்தது.

இப்போது கவனத்தை இரண்டு மடங்காக்கினான். மூன்று தடவை அளந்தான். சந்தில் யாராவது சத்தமாகப் பேசினால் எரிந்து விழுந்தான். நேரம் போகிறதே என்று மெஷினின் வேகத்தைக் கூட்டினான். இரண்டு கத்தி முனைகள் பொடிந்ததும் குறைத்துவிட்டான். ஹாஃபிஸா கேஜில் போட்டுப் பார்த்தால் கழிவு குறையவில்லை. நூற்றுக்கு எட்டு இருந்தது பத்தாகிவிட்டது. காட்கோபரிலிருந்து மெக்கானிக் ஜெயராம் வந்து, மெஷினின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே கத்தியை நகர்த்துகிற ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது, மாற்றினால்தான் தேறும், சாமான் வர ஒரு மாதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டு ரவூபுக்குக் கவலையோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது அல்லவா.

ஹாஃபிஸா கழிவை உடனே எடுத்துப் போடுவதில்லை. எடுத்தால் வரிசையில் ஓட்டை விழும். வாரக் கடைசியில்தான் எடுப்பாள். அதுவரை, பருத்த தண்டைக் குழியில் தலைகீழாக நட்டுவைப்பாள். மெலிந்த தண்டுக்குத் தலையில் ஒரு சின்ன ரப்பர் பேண்ட். நல்ல தண்டு நேராக நிற்கும். அவ்வளவுதான் அவளுடைய எழுத்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாத் தொழுகை. அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மெஷினை நிறுத்த மனமில்லாமல், ஹாஃபிஸாவுக்கு ரவூப் நாலே வேலை சொல்லிக் கொடுத்திருந்தான். கதவைத் திற, பித்தளைக் கம்பியைச் சொருகு, காலால் பெடலை மிதி, கதவை மூடிப் பச்சைப் பொத்தானை அழுத்து. பலகையில் இருக்கிற வேறு எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது, ஆணை. சொல்லிக் கொடுத்தானே தவிர நிம்மதி கிடையாது. மெஷினை என்ன செய்துவைத்திருக்கிறாளோ என்று, கட்டாயத் தொழுகையான பர்ளு முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு, அதற்குப் பிறகு தொழுகிற சுன்னத்தைத் தொழாமல், ஒரு செருப்பைப் போட்டும் போடாமலும் சந்துக்குள் ஓடிவருவான். எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் இதே ஓட்டம். பள்ளிவாசல் வாசலில் டீ விற்கிறவன்கூடக் கிண்டல் பண்ணுவான்.

ஸ்மிதா வந்துபோன இரண்டாவது வெள்ளிக்கிழமை அப்படி ஓடிவந்தபோது, ஹாஃபிஸா மெஷினை நிறுத்திவிட்டு அடுக்குகிற மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை முப்பத்தொரு தட்டு தேறியிருந்தது. ரவூப் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தான்.

மேஜையில் இடது பக்கம் மூன்று தட்டு, வலது பக்கம் மூன்று தட்டு. தட்டின் விளிம்பில் பென்சிலால் தேதி. இடது பக்கத் தட்டுகள் முந்தின நாள் அவன் ஓட்டியவை. அவற்றில் அங்கங்கே ஒன்று தலைகீழாக நின்றது. அதற்குப் பக்கத்துக் குழியிலேயே ரப்பர் பேண்ட் போட்டது ஒன்று. தலைகீழ், ரப்பர், நேர், நேர், ரப்பர், தலைகீழ். வலது பக்கத்து மூன்று தட்டிலும் எல்லாத் தண்டும் நேராக நின்றன. தொண்ணூறு தண்டு. ஒன்றுகூடத் தலைகீழ் இல்லை.

“இது யாரு ஓட்டுனது?” என்று கேட்டான்.

“நாந்தான். பாதி போன ஜும்மாவுல, பாதி இன்னிக்கு.”

கேஜை ஒழுங்காகப் பிடித்தாயா என்று கேட்டான். நீங்களே அளந்து பாருங்கள் என்றாள். அவன் மைக்ரோமீட்டரை எடுத்தான். ஒரு தட்டு முழுவதும், ஒன்று விடாமல், கண்ணை மூடி மூடிக் கேட்டான். முப்பதும் இருபது மைக்ரானுக்குள் சமர்த்தாக நின்றன. அவன் காதே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். நல்ல காரணம்தான். ஜும்மா நேரத்தில் சுற்றுவட்டாரப் பட்டறைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன, கரண்ட் சீராக வருகிறது, தரை அதிர்வதில்லை, அதனால்தான் தண்டு நன்றாக வருகிறது என்றான். ஹாஃபிஸா முழுவதையும் கேட்டாள். பிறகு, ஒரு வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. நீங்க ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர மாத்துறிய. எனக்கு மாத்தத் தெரியாது, அதனால மாத்தல. வேற ஒரு வித்தியாசமும் இல்ல.”

“அப்ப எங் கை கோளாறுங்கிற.”

“ஒங்க கை அளக்குறது பக்கா. அளந்ததுக்கப்பொறம் சும்மா இருக்க மாட்டேங்குது. அதான்.”

ரவூப் மைக்ரோமீட்டரை அதன் பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஏணியில் ஏறிப்போனான். மேலே நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவன் சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்தான். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. சட்டை காலரைப் பார்க்கிறவளுக்கு மைக்ரான் என்ன தெரியும் என்று நினைத்தான். நினைத்த மறு நிமிஷமே அந்த மூன்று தட்டும் கண்முன் வந்து நின்றன. கோபத்தை அவற்றிடம் காட்ட முடியவில்லை.

நாலு மணிக்குக் கீழே இறங்கினான். பக்கத்துச் சந்தில் எம்பிராய்டரி மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தரை நன்றாக அதிர்ந்தது.

“முப்பது பீஸ். ஒரே தட்டு,” என்றான் ரவூப். “நம்பரத் தொட மாட்டேன். அதுல மூணு தலகீழா நின்னாகூட, இந்தப் பேச்ச நீ இனி எடுக்கக் கூடாது.”

சரி என்றாள்.

முதல் இரண்டு தண்டு நடு அளவுக்குப் பக்கத்திலேயே வந்தன. மூன்றாவதை அளந்தான். ஆறு மைக்ரான் அதிகம். அவன் விரல் தானாகப் பலகைக்குப் போய்விட்டது. விரல் பொத்தானின் மேல் நின்றது, அழுத்தவில்லை. அவ்வளவு நேரம் ஒரு விரல் சும்மா நின்று ரவூப் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆறு மைக்ரான் அதிகம் என்று தெரிந்தும் அப்படியே விடுவது, குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டே நிற்பது மாதிரி இருந்தது அவனுக்கு. ஹாஃபிஸா கையை நீட்டினாள். அவன் மைக்ரோமீட்டரை அவள் கையில் வைத்துவிட்டான்.

அதன் பிறகு கம்பியைச் சொருகினான், பெடலை மிதித்தான், பச்சைப் பொத்தானை அழுத்தினான். எழுபது நொடியும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். ஏற்கெனவே துடைத்த கதவைத் துடைத்தான். இரண்டு தடவை எண்ணெய் அளவு பார்த்தான். வேடிக்கையாகத்தான் இருந்தது பார்க்க. ஆனால் அதில் இருந்த கஷ்டம் வேடிக்கை இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதன், தன்னிடம் இருப்பதிலேயே மேலான ஒன்றைப் பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

பத்தாவது தண்டுக்கு மேல் அவன் வெறுமனே ஹாஃபிஸா கையிலிருந்த கேஜைக் கவனிக்கத் தொடங்கினான். ஒரு தண்டு வாயில் கொஞ்சம் இறுக்கமாக நுழைந்தது, அடுத்தது கொஞ்சம் தளர்வாக, அதற்கடுத்தது மறுபடி இறுக்கமாக. மெஷின் தன் பாட்டுக்கு நடு அளவைச் சுற்றி லேசாக அசைந்துகொண்டிருந்தது. தானாகவே போய்த் தானாகவே திரும்பி வந்தது. அப்போதுதான் ரவூபுக்குப் புரிந்தது. சைக்கிள் பழகுகிறவன் ஒவ்வொரு அசைவுக்கும் ஹேண்டிலை வெட்டி வெட்டித் திருப்பினால் விழுவானே, அதைத்தான் அவன் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தான். மெஷின் தானே திரும்பி வர இருந்த நேரத்தில் இவன் பிடித்துத் தள்ளியிருக்கிறான். பருத்த தண்டுக்குப் பக்கத்திலேயே மெலிந்த தண்டு ஏன் நின்றது என்று இப்போது தெரிந்தது.

முப்பதாவது தண்டை ஹாஃபிஸா வலது மூலையில் நட்டாள். நேராக நின்றது. முப்பதும் நேராக நின்றன. அவன் ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கிற ஒரு தட்டு முக்கால் மணி நேரத்தில் முடிந்திருந்தது.

ரவூபுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. விக்ரோலியில் அவனை மெச்சியவர்கள், அவன் கையைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து தட்டைப் பார்த்துவிட்டுப் போவதுபோல் ஒரு நினைப்பு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. இத்தனை பேர் சொல்லாததை, கம்பெனியும் மெக்கானிக்கும் சொல்லாததை, ரப்பர் பேண்டும் முட்டைத் தட்டும் வைத்துக்கொண்டு இவள் கண்டுபிடித்திருக்கிறாள். மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியாதவள். அவளைப் பார்க்க அவனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததும் வெட்கம் பாதி குறைந்துவிட்டது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“போன வெள்ளிக்கிழமையே.”

“ஏன் சொல்லல?”

“ஒரு வெள்ளிக்கிழம போதாதுங்க. ஜும்மா பரக்கத்துன்னு சொல்லிருப்பிய.”

அவன் சிரித்துவிட்டான். ஜும்மா நாளின் அருள் என்றுதான் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமையிலிருந்து பட்டறையின் போக்கே மாறியது. ஒரு தட்டுக்கு ஒரே ஒரு தண்டை அளப்பது, அதுவும் ஆறிய பிறகு. கத்தி தேயத் தேயத் தண்டு மெல்லப் பருத்துக்கொண்டு வரும்; தொடர்ந்து மூன்று தட்டில் அளவு ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் எண்ணை மாற்றுவது. இந்த முறையை ரவூப்தான் யோசித்து வகுத்தான். எந்த அளவுக்குச் சாய்ந்தால் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதில் அவன் காதுக்கும் விரலுக்கும் ஈடு கிடையாது. காலையில் மெஷினை முதல் தடவை அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதும் அவன்தான். ஆனால் தன் விரலை அவன் நம்பவில்லை. எண்களைப் பூட்டிவைக்க மெஷின் பலகையின் ஓரத்தில் ஒரு சின்னச் சாவி உண்டு. அதைத் திருப்பிப் பூட்டி, உருவி, ஹாஃபிஸாவிடம் கொடுத்துவிட்டான். அவள் அதை டீத்தூள் டப்பாவில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு சாவி கேட்டான். எத்தனை தட்டு சாய்ந்திருக்கிறது என்று மேலேயிருந்து கேட்டாள். இரண்டு என்றான். மூன்றாகட்டும் என்றாள். அவன் இறங்கிப் போய்விட்டான். மூன்றாவது தட்டு சாயவில்லை.

முதல் நாள் எட்டுத் தட்டு. பிறகு நாளுக்கு ஒன்பது. அதே பழைய மெஷின், ஜெயராம் தேய்ந்ததாகச் சொன்ன அதே ஸ்க்ரூ, அதே சந்தின் அதே கரண்ட். மெஷின் இத்தனை நாள் வேலை செய்யத் தயாராகத்தான் நின்றிருக்கிறது. அவன் அளந்து முடிக்கும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை மத்தியானம், நூறாவது தட்டின் கடைசிக் குழி நிறைந்தது.

சரக்கோடு ஒரு தாள் போக வேண்டும். அடியில் சரிபார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். முந்தின இரண்டு தடவையும் ரவூப் அதில் வால் நீட்டி ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். இந்தத் தடவை பேனாவைத் திறந்தவன் சற்று நின்று, தாளையும் பேனாவையும் ஹாஃபிஸா பக்கம் தள்ளினான். அவள், எனக்குத் தமிழில்தான் போட வரும், பெரிய கம்பெனியில் சிரிப்பார்கள் என்று தயங்கினாள். தமிழிலேயே போடு என்றான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவதுவரை படித்த குண்டு குண்டான எழுத்தில் அவள் பெயர் அந்தக் கோட்டின்மேல் ஏறியது. சரக்கு புதன்கிழமை அம்பர்நாத் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தது. பக்கத்திலிருந்தவர், ரவூப் எழுந்து ஓட வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார். ரவூப் எழுந்து சுன்னத்துத் தொழுகைக்குத் தக்பீர் சொல்லிக் கை கட்டினான். நிறுத்தி நிதானமாகத் தொழுது, துஆ கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போது போன் அடித்தது. ஸ்மிதா.

“மூவாயிரத்துலே ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்லே, ரவூப் பாய். அடுத்த மாசத்துலேந்து ஆறாயிரம் போடச் சொல்லியிருக்கா. மெஷின்லே என்ன மாத்தினேள்? ஸ்க்ரூவா?”

ஒரு செருப்பைப் போட்டபடி ரவூப் நின்றான். ஆமாம், ஸ்க்ரூ என்று சொன்னால் போதும். அவனைப் பற்றி விக்ரோலியில் சொல்கிற பேச்சு அப்படியே இருக்கும். யாரும் சுவரை இடித்து மெஷினைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

“மெஷின்ல ஒண்ணும் மாத்தல மேடம். நாந்தான் தொட்டுத் தொட்டுக் கெடுத்துக்கிட்டிருந்தேன். அதக் கண்டுபிடிச்சது எங்க வீட்டுல.”

ஸ்மிதா, தாளில் இருக்கிற கையெழுத்து யாருடையது, தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது, பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றாள்.

“ஹாஃபிஸா,” என்றான் ரவூப். எழுத்தெழுத்தாகவும் சொன்னான். “இன்ஸ்பெக்டர்னு போட்டுக்குங்க மேடம்.”

டீக்காரன் இவன் ஓடாததைப் பார்த்து, உடம்பு சரியில்லையா பாய் என்றான். ரவூப் ஒரு டீ வாங்கி நின்று குடித்தான். சந்துக்குள் மெதுவாக நடந்தான். பட்டறைகள் அடங்கிக் கிடந்த அந்த நேரத்தில் அவனுடைய மெஷின் சத்தம் மட்டும் தூரத்திலிருந்தே கேட்டது. கதவு மூடுகிற சத்தம், எழுபது நொடி இரைச்சல், கதவு திறக்கிற சத்தம். தடுமாற்றமே இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதை அவன் வெளியே நின்று கேட்டான். நன்றாக இருந்தது.

உள்ளே போனபோது ஹாஃபிஸா மெஷின் முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள், வழக்கம்போல வந்ததும் வராததுமாக அவளை நகர்த்திவிட்டு மெஷினைப் பிடுங்கிக்கொள்வான் என்று நினைத்து ஒதுங்கப் போனாள். அவன் மேஜைப் பக்கம் போய் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். துடைக்காமல் கிடந்த தண்டை எடுத்துத் துடைத்தான். கேஜின் முதல் வாயில் விட்டான், நுழைந்தது. இரண்டாவது வாயில் விட்டான், நுழையவில்லை.

“எத்தனாவது குழில நிக்கிற?” என்று கேட்டான்.

“பதினேழு.”

பதினேழாவது குழியை எண்ணிக் கண்டுபிடித்து, வரிசை கலையாமல், தண்டை நேராக நட்டான்.